டீ ட்ரீ ஆயில்: மும்பை மழைக்காலத்துக்கான கேள்வி பதில்கள்

ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் கடைசி வரை மும்பையில் ஷூவும் காயாது, துண்டும் காயாது. மாதுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட் என்று எங்கே இருந்தாலும் சேற்றுப்புண், பொடுகு, அலமாரியில் பூஞ்சணம் மூன்றும் வந்துவிடும். கூடவே, "டீ ட்ரீ ஆயில் போட்டுப் பாரேன்" என்ற ஆலோசனையும் வரும். வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த எண்ணெயால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் நீர்க்காமல், அதாவது வேறு எண்ணெயோடு கலந்து வீரியத்தைக் குறைக்காமல் தடவுவது அல்லது பழைய பாட்டிலைத் தடவுவது.

இது எதிலிருந்து எடுக்கிறார்கள்? தேயிலையிலிருந்தா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பகுதிகளில் சதுப்பு நிலத்தில் வளரும் மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற சிறு மரம். நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். இலையையும் நுனிக் கிளைகளையும் வெட்டி நீராவியில் வடித்து எடுக்கிறார்கள். பச்சை இலை எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் எண்ணெய் கிடைக்கும். அந்த மண்ணின் பண்ட்ஜலங் பழங்குடியினர் இலையைக் கசக்கிக் காயத்துக்கு வைப்பது பழைய வழக்கம். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர் இதன் கிருமிநாசினிக் குணத்தைச் சோதித்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது.

உள்ளே என்ன இருக்கிறது? எப்படி வேலை செய்கிறது?

சுமார் நூறு பொருள்கள் உண்டு. வேலை செய்வது முக்கியமாக டெர்பினென்-4-ஆல். பாக்டீரியா, பூஞ்சை இரண்டின் வெளிச்சவ்வையும் குலைத்து, உள்ளே இருப்பதை வெளியே கசிய விடுகிறது. சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 4730, நல்ல எண்ணெயில் இது 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. இன்னொரு பொருள் சினியோல். யூகலிப்டஸ் தைலத்தின் மணம் அதுதான். இந்த எண்ணெயில் அது 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பாட்டிலைத் திறந்ததும் தைல டப்பா மணம் மட்டும் தூக்கலாக வந்தால் சந்தேகப்படலாம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

லேபிளில் மரத்தின் முழுப்பெயர் இருக்க வேண்டும். பேட்ச் எண், தயாரித்த தேதி இருக்க வேண்டும். பாட்டில் பழுப்பு நிறக் கண்ணாடியில் இருக்க வேண்டும். "டீ ட்ரீ வாசனை எண்ணெய்" என்று எழுதியிருந்தால் அது ஊதுபத்தி, மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்கானது, தோலுக்கு ஆகாது. பெரிய 100 மி.லி. பாட்டில் லாபம் போலத் தெரியும். ஒரு வீட்டுக்கு 10 அல்லது 15 மி.லி. தாராளம், மீதி கெட்டுத்தான் போகும்.

வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பார்க்கும் சோதனை ஓரளவு உதவும். எண்ணெய் ஆவியாகிவிட்டால் சரி. பிசுக்கான வட்டம் நின்றால் வேறு சமையல் எண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருக்கிறார்கள், அல்லது எண்ணெய் பழசு. ஆனால் மலிவான வேறு வாசனைத் தைலத்தைக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது. ஆய்வக அறிக்கையை இணையதளத்தில் போடும் நிறுவனமாகப் பார்த்து வாங்குவதே மேல்.

நீர்க்காமல் அப்படியே தடவினால் என்ன? சுத்தமான எண்ணெய்தானே?

சுத்தமாக இருப்பதால்தான் நீர்க்கச் சொல்கிறோம். நீர்க்காத எண்ணெயைத் தொடர்ந்து தடவினால் தோல் சிவந்து, உரிந்து, சிலருக்கு நிரந்தர ஒவ்வாமையே வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் பிறகு ஷாம்பூவில் துளி இருந்தாலும் அரிக்கும்.

அளவுக்குச் சொட்டுக் கணக்கை நம்ப வேண்டாம். பாட்டிலின் மூடியைப் பொறுத்து 1 மி.லி.க்கு 20 சொட்டும் வரும், 35 சொட்டும் வரும். கெமிஸ்டிடம் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் 10 மி.லி., அதாவது இரண்டு டீஸ்பூன், எடுத்துக்கொண்டு அதில் 0.2 மி.லி. கலந்தால் சுமார் 2 சதவீதம். உடம்புத் தோலுக்கு இதிலிருந்து தொடங்கலாம். 0.5 மி.லி. கலந்தால் சுமார் 5 சதவீதம், பாதத்துக்கு இது. 9 மி.லி.க்கு 1 மி.லி. என்றால் 10 சதவீதம், அதைப் பாதத்தின் தடித்த தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிரிஞ்சை உடனே சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிச் சிக்கிக்கொள்ளும்.

தண்ணீரில் இது கரையாது. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கலக்கி முகம் கழுவுகிறவர்கள் உண்டு. எண்ணெய் மேலே படலமாக மிதக்கும், அந்தப் படலம் அப்படியே கண்ணோரத்தில் போய் ஒட்டும். நீர்த்ததாக நினைத்து நீர்க்காததையே தடவுகிறார்கள்.

முன்சோதனை எப்படிச் செய்வது?

தடவப்போகும் அதே கலவையைத்தான் சோதிக்க வேண்டும். முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் காலையும் இரவும் தடவி மூன்று நாள் பாருங்கள். ஒவ்வாமை உடனே காட்டாது, இரண்டாம் நாள்கூட வரலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவு கட்டுவது சோதனை ஆகாது. சிவப்பு, அரிப்பு, சிறு கொப்புளம், எது வந்தாலும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு பாட்டிலை மறந்துவிடுங்கள்.

பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

திறந்த பிறகு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். அதுவும் இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வைத்தால். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் ஆகி, பெராக்சைடுகளும் அஸ்காரிடோல் போன்றவையும் உண்டாகின்றன. ஒவ்வாமையைத் தூண்டுவதில் இவை புது எண்ணெயைவிட மோசம். "போன வருடம் இதே பாட்டில் ஒத்துக்கொண்டதே, இப்போது ஏன் அரிக்கிறது" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

திறந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதுங்கள். கீஸர் பக்கத்து பாத்ரூம் அலமாரி, கிச்சன் ஜன்னல் ஓரம் இரண்டும் மோசமான இடங்கள். ஃபிரிட்ஜ் கதவு நல்ல இடம், ஆனால் குழந்தைக்கு எட்டாத தட்டில், சிரப் பாட்டில்களோடு சேராமல். மணம் கூர்மையாகி டர்பன்டைன் வாடை அடித்தால் தோலுக்கு வேண்டாம்.

சேற்றுப்புண்ணுக்கு உண்மையில் கேட்குமா?

கேட்கும், ஆனால் ஒரு வரம்போடு. 2002இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 158 பேருக்கு நான்கு வாரம் 25 சதவீதம், 50 சதவீதம், மருந்தில்லாத கரைசல் என்று பிரித்துக் கொடுத்தார்கள். 50 சதவீதக் குழுவில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது, மருந்தில்லாத குழுவில் 31 சதவீதம் பேருக்கு. எண்ணெய் தடவியவர்களில் நான்கு பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை தோல் அழற்சி வந்தது. அந்த வீரியத்தை மருத்துவர் பார்வை இல்லாமல் வீட்டில் கலக்க வேண்டாம்.

எங்கள் கருத்து: விரலிடுக்கு வெளுத்து, உரிந்து, அரிக்கத் தொடங்கிவிட்டால் முதல் மருந்து கெமிஸ்டிடம் கிடைக்கும் டெர்பினாஃபைன் 1 சதவீத க்ரீம் அல்லது க்ளோட்ரிமசோல். டீ ட்ரீ எண்ணெய்க்கு இடம், புண் வராமல் பார்த்துக்கொள்வதிலும் ஆறிய பின் திரும்பாமல் காப்பதிலும்தான்.

முறை இப்படி. வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகு செய்வதுதான் முக்கியம்: ஒவ்வொரு விரலிடுக்கையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், நான்காவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் கூடுதல் கவனம் வேண்டும், பூஞ்சை முதலில் பிடிக்கும் இடம் அதுதான். உடம்பு துடைக்கும் துண்டால் துடைத்தால் பூஞ்சை இடுப்புக்கும் தொடைக்கும் ஏறும். ஃபேனடியில் ஐந்து நிமிடம் காய்ந்த பின் 5 சதவீதக் கலவையைப் பஞ்சில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட தடவினால் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், புண் இன்னும் ஊறும். தோல் வெடித்து ரத்தம் தெரிந்தால் எண்ணெய் வேண்டாம், எரியும், ஆறுவதும் தள்ளும்.

லோக்கல் ரயிலில் தினமும் போய் வருகிறவர்கள் இரண்டு ஜோடி ஷூ வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். நனைந்த ஜோடிக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாளுக்குள் பாதியாவது காயும். 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் 1 மி.லி. எண்ணெய் கரைத்து ஷூவுக்குள் தெளித்துக் காயவிட்டால் நாற்றம் குறையும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஆகவே விளக்கு ஏற்றும் இடத்தில் செய்யாதீர்கள். ஃபோம் செருப்பில் தெளிக்காதீர்கள், மெத்தை இளகிப் பிய்ந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் எதையும் தாமாகத் தடவக்கூடாது. உணர்ச்சி குறைந்திருந்தால் எரிவதுகூடத் தெரியாது. சிவப்பு மேலே ஏறினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனை.

வெள்ளத்தில் நடந்து வந்தேன், காலில் கீறல் இருக்கிறது. இதைத் தடவினால் போதுமா?

போதாது. இதில் விளையாட வேண்டாம். தேங்கிய மழைநீரில் எலிச்சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவுகிறது. தோலில் கீறல் இருந்தால் கிருமி நேரே உள்ளே போய்விடும். மேலே தடவும் எதுவும் அதைப் பிடிக்காது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்திலோ உங்கள் மருத்துவரிடமோ போய், தடுப்பு மாத்திரை தேவையா என்று கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

படர்தாமரைக்கு?

வேண்டாம். மும்பையின் வேர்வைக்கும் ஈரத்துக்கும் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வருவது இப்போது சாதாரண மருந்துக்கே அடங்காத வகையாக மாறிவருகிறது. அதற்குப் பெரிய காரணம், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். தொடையிடுக்கின் மெல்லிய தோலில் டீ ட்ரீ எண்ணெய் போட்டால் பூஞ்சையோடு பொசுங்கலும் சேரும், பிறகு எது எதனால் என்று மருத்துவருக்கே பிடிபடாது. சயான் மருத்துவமனையிலும் கேஇஎம்மிலும் தோல் பிரிவு வெளிநோயாளி சேவை உண்டு.

பொடுகுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

இந்த எண்ணெய்க்கு ஓரளவு நல்ல சான்று உள்ள இடங்களில் இது ஒன்று. 126 பேரிடம் நான்கு வாரம் 5 சதவீத ஷாம்பூவைக் கொடுத்த ஆய்வில் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத ஷாம்பூவில் 11 சதவீதம்.

ஒரு தலைக்குளியலுக்கு மணமில்லாத மென்மையான ஷாம்பூ 10 மி.லி.யை உள்ளங்கையில் அல்ல, சிறு கிண்ணத்தில் எடுத்து 0.5 மி.லி. எண்ணெய் சேர்த்து ஸ்பூனால் கலக்குங்கள். ஷாம்பூவில் சோப்புத்தன்மை இருப்பதால் எண்ணெய் பரவிக்கொள்ளும். முடியில் அல்ல, வகிடு வகிடாகப் பிரித்து மண்டைத்தோலில் தேய்த்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். குனிந்து அலசினால் நேரே கண்ணுக்கு வரும். முழு பாட்டில் ஷாம்பூவில் மொத்தமாகக் கலந்து வைப்பது வசதிதான், ஆனால் சில ஷாம்பூ நீர்த்துப் பிரிந்துவிடும், கடைசியில் வரும் ஷாம்பூவில் எண்ணெய் அதிகமாக இருக்கும்.

சனிக்கிழமை இரவே தலைநிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மஞ்சளாக, பிசுபிசுவென்று உதிரும் பொடுகு இருப்பவர்கள் அதை நிறுத்தினாலே பாதி குறையும். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வளர்கிறது. நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவுக்கு மாறுங்கள்.

முகப்பருவுக்கு?

1990இல் 124 பேரிடம் செய்த ஆய்வில் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சலும் குறைவு.

இங்கே பலரும் சறுக்குவது கலக்கும் எண்ணெயில். தேங்காயெண்ணெயில் கலந்து பருவில் தடவினால் துளைகள் அடைத்து இன்னும் பரு வரும். கற்றாழை ஜெல்லில் சேர்த்தாலோ அது கலக்காது, சிறு சிறு முத்தாகத் தனியே நிற்கும். அந்த முத்து பட்ட இடத்தில் தோல் பொசுங்கிக் கருந்தழும்பு விழும். நம் நிறத்துத் தோலில் அந்தக் கருமை மறைய மாதக்கணக்காகும். முகத்துக்கு மட்டும் வீட்டுக் கலவை வேண்டாம், 5 சதவீதம் என்று எழுதிய தயார் ஜெல் வாங்குங்கள். இரவில் பரு மீது மட்டும் வைத்து, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமையாகப் பாருங்கள்.

நகப்பூஞ்சைக்கு?

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு முயலலாம். 1994 ஆய்வில் நீர்க்காத எண்ணெயும் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் கரைசலும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. இரண்டிலுமே பூஞ்சை முழுதாகப் போனவர்கள் குறைவு. கால் பெருவிரல் நகம் முழுக்க வளரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நகத்தை வெட்டி, மேற்பரப்பை அரத்தால் தேய்த்து, சுற்றுத் தோலில் வாசலின் பூசிவிட்டு, நகத்தட்டில் மட்டும் பட்ஸால் வையுங்கள். நீர்க்காமல் தொடக்கூடிய ஒரே இடம் இதுதான்.

கொசுவுக்கு, பேனுக்கு, பல் ஈறுக்கு?

கொசுவுக்கு நம்ப வேண்டாம். டெங்கு, மலேரியா சுற்றும் ஊரில் டீட் அல்லது பிகாரிடின் உள்ள விரட்டியைப் பூசுங்கள். பேனுக்கு பெர்மெத்ரின் லோஷனும் பேன்சீப்பும் இருக்கிறது. வாய்க்குள் எந்த வடிவிலும் வேண்டாம், கொப்பளிக்கக்கூட.

சுவர்ப் பூஞ்சணம், வாஷிங் மெஷின் நாற்றத்துக்கு?

500 மி.லி. தண்ணீருக்கு 10 மி.லி. எண்ணெய் ஆகும். முதலில் எண்ணெயை ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவத்தில் குழைத்து, பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். அலமாரியின் பின்பலகை, ஷூ ரேக், மெஷினின் ரப்பர் வளையத்துக்கு வெளிப்புறம் ஆகியவற்றில் துடைக்கலாம். ரப்பரிலேயே ஊற வைக்காதீர்கள். ஒரு 10 மி.லி. பாட்டிலே காலி என்பதால் இது செலவான வழி. பாத்ரூம் டைல் இடுக்குக்கு நீர்த்த ப்ளீச் போதும், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மேல் பிளாட்டிலிருந்து கசிவு இருந்தால் எந்த எண்ணெயும் பலிக்காது, சொசைட்டி செக்ரட்டரியைப் பார்க்க வேண்டியதுதான்.

தெர்மோகோலிலும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவிலும் இந்த எண்ணெயை ஊற்றி வைக்காதீர்கள், கரைத்துவிடும். 60 டிகிரி அளவிலேயே இதன் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் கேஸ் அடுப்புப் பக்கமும் வேண்டாம்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், வீட்டு நாய் பூனை?

கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். சிறு குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள், ஆவி பிடிக்கும் தண்ணீரிலும் விடாதீர்கள். கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும்போதும் மார்பருகே தவிர்த்து, மற்ற இடத்துக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய், பூனைக்கு நீர்க்காத எண்ணெய் விஷம். உண்ணிக்கென்று முதுகில் சில மி.லி. தடவினாலே நடுக்கம், பின்னங்கால் தளர்ச்சி, உடல் சில்லிடுதல் வரலாம். நக்கியும் விழுங்கும். பூனை சிறிது என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். பாதத்தில் தடவிக்கொண்டவர்கள் பூனையை மடியில் விடும் முன் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டுவிட்டால்? குழந்தை குடித்துவிட்டால்?

கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்துச் சுத்தமான தண்ணீரைப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். பிறகும் பார்வை மங்கினாலோ வலித்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

விழுங்கினால் தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், குழப்பம் வரும். 10 மி.லி.க்கும் குறைவாகக் குடித்த குழந்தைகளுக்கே இப்படி ஆகியிருக்கிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். பால், உப்புநீர் எதுவும் கொடுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எவ்வளவு காலியாகியிருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது என்பதுதான் அங்கே முதலில் கேட்கப்படும்.